நாற்பது கழியாத வீட்டில் போரியா

அண்ணன் மவுத்தான பிறகு வந்த முதல் முஹர்ரம். போரியாக் கூட்டம் எங்கள் வாசலில் நிற்குமா, தாண்டிப் போய்விடுமா என்பதுதான் வீட்டில் ஒரே பேச்சு. பேசியது அம்மாவும் அத்தாவும். நான் கடற்கரைத் தெருவுக்குக் கிராணி வேலைக்குப் போய் வந்தேன். சரக்குப் பெயர்களை இங்கிலீஷில் எழுதினேன், சாப்பிட்டேன், தூங்கினேன். எதுவும் உறைக்கவில்லை.

பினாங்கைத் தெரியாதவர்களுக்குப் போரியாவைச் சொல்ல வேண்டும். முஹர்ரத்தின் முதல் பத்து நாளும் கம்பம் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடியிருப்பின் ஆண்கள் வேஷம் கட்டி வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். ஒரு வருஷம் அரபிகள், ஒரு வருஷம் துருக்கிப் பட்டாளம். அந்த வருஷம் கப்பல்காரர்கள். முன்னால் ஒருவர் நிற்பார், பாட்டுக் கட்டுகிறவர். வீட்டுக்காரரைப் பற்றி நாலு வரி எடுத்துக் கொடுப்பார். அவர் மேலே மேலே புதிதாகப் பாடிக்கொண்டு போக, பின்னால் நிற்கும் கூட்டம் ஒவ்வொரு தடவையும் அந்த முதல் நாலு வரியையே ஆடிக்கொண்டு திரும்பப் பாடும். முதலில் வாயில் என்ன வந்ததோ, கடைசிவரை அதுதான். பாட்டு மலாய், மேளம் நம்முடையது, பிடில் வெள்ளைக்காரக் கலப்புள்ள செராணிக்காரர்களிடம் வாங்கிக்கொண்டது. எங்களைப் போலத்தான். அத்தா ராமநாதபுரத்திலிருந்து வந்தவர். அம்மா இங்கே பிறந்தவர், அவருடைய தாய் மலாய்க்காரி.

இது எங்கிருந்து வந்தது என்று, குடும்பத்தில் முதலில் படித்தவன் என்பதால், என்னைக் கேட்பார்கள். மதராஸ் பட்டாளத்துச் சிப்பாய்கள் கொண்டுவந்தது, முஹர்ரத்துக்கு அவர்களுக்கு லீவு உண்டு என்பார்கள் சிலர். பாரசீகத்திலிருந்து வந்தது என்பார்கள் சிலர். நான் படித்த எந்தப் பாடத்திலும் இது இல்லை. முதலில் கர்பலாவில் நபியின் பேரர் ஹுசைனார் கொல்லப்பட்டதை நினைத்து அழுதுதான் பாடினார்கள் என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போவார்கள். அழுகை எந்தத் தெருவில் கூத்தாக மாறியது என்று ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் கம்பத்துக் கூட்டத்துக்குப் பாட்டுக் கட்டியவன் என் அண்ணன். பகலில், கப்பல் சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும் தொங்கான் படகில் மூட்டை இறக்குவான். ஒருநாள் தொங்கானுக்கும் கப்பலுக்கும் நடுவில் விழுந்துவிட்டான்.

கூட்டத்தை நடத்துகிறவர் அம்மாவின் தம்பி, எனக்கு மாமு. பிறை பார்ப்பதற்கு முன்பே கேட்டுப் போக வந்தார்.

"மச்சான், உங்க வீட்டுக்கு வரவா, வேணாமா?"

"புள்ள மவுத்தாகி நாப்பது நாள் கழியல. ஹுசைனார் மவுத்தான மாசத்துல, கப்பல்காரன் சட்டை போட்டுக்கிட்டு என் வாசல்ல குதிக்கப் போறியா?" என்றார் அத்தா.

"நான் மட்டுமா குதிக்கிறேன்? ஊரே குதிக்குது லா."

"ஊர் குதிக்கட்டும். இங்க வந்தா கதவைச் சாத்திப்புடுவேன்."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "சாத்திக்கிங்க. நான் வெளிய நிப்பேன். அவன் கூட்டமே அவன் வாசலைத் தாண்டிப் போச்சுன்னா, அப்புறம் அவன் இந்த வீட்டுல பொறந்ததுக்கு என்ன அடையாளம்?"

அத்தா என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவன், சொல்லு."

"முதல்ல இது துக்கத்துக்குப் பாடினதுதான் அத்தா."

"துக்கமா? போன வருஷம் பஞ்சுத் தாடி ஒட்டிக்கிட்டு ஒட்டகத்து மேல ஏறுனானே உங்கண்ணன். உங்க மாமு குனிஞ்சு ஒட்டகமா நின்னாரு. அதுவும் துக்கமா?"

"எனக்கு இடுப்புத் துக்கம் மச்சான், இன்னும் தீரல" என்றார் மாமு. யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அவர் அம்மாவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் போனார்.

முஹர்ரம் பிறந்து ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். மேளம் தெருமுனையில் கேட்டதுமே அத்தா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றார். நான் சர்பத் தட்டோடு நின்றேன். சப்ஜா விதைகள் ஊறிக் கண்ணாடிக் குவளைகளில் மிதந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் இடத்தில் நின்றவர் அவனோடு தொங்கானில் வேலை செய்த கூட்டாளி. எங்கள் வீட்டுக்கென்று துஆ மாதிரி நாலு வரி கட்டிப் பழகியிருந்தாராம், மாமு பிறகு சொன்னார். படியில் நின்ற அம்மாவைப் பார்த்ததும் அது போய்விட்டது. வாயில் வந்தது போன வருஷத்துப் பாட்டு. அண்ணன் தன் வீட்டுக்குத் தானே விளையாட்டாகக் கட்டியது, தமிழில் சொன்னால்:

'இது யார் வீடு, என் வீடுதான். கதவைத் திற அம்மா, உன் மூத்த மகன் வந்திருக்கிறேன். கால் கழுவத் தண்ணீர் கொண்டு வா.'

கூட்டம் யோசிக்காமல் அதைப் பிடித்துக்கொண்டது. அத்தனை கப்பல்காரர்களும் ஒரே சமயத்தில் இடப்பக்கம் சாய்ந்து, மூத்த மகன் வந்திருக்கிறேன் என்று பாடினார்கள். இரண்டாவது தடவை பாடும்போதுதான் சிலருக்குப் புரிந்தது. குரல்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. மாமு நிறுத்தச் சொல்லிக் கையிலிருந்த பிரம்பைத் தூக்கினார். மேளம் நின்றது. பிடில்காரர் மட்டும் ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்துவிட்டு நிறுத்தினார்.

பாடியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அம்மா அசையவில்லை. ஏதாவது செய்ய வேண்டியவன் நான்தான் என்று எனக்குத் தெரிந்தது. தட்டு கனத்தது, அவ்வளவுதான்.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அத்தாவின் குரல் வந்தது.

"ஏன் நிறுத்திட்டானுவ? எடுத்ததை முடிக்கச் சொல்லு."

மாமு என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். மேளம் மறுபடி தொடங்கியது. பாடியவர் தொப்பியைப் போட மறந்து, அண்ணன் கட்டிய அடிகளையே கடைசிவரை பாடினார். கூட்டம் ஒவ்வொரு அடிக்கும் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டு ஆடியது. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு, யாரோ கேட்பதற்குப் பதில் சொல்வதுபோல, 'ம்', 'ம்' என்றபடி நின்றார்.

முடிந்ததும் நான் சர்பத் கொடுத்தேன். "தம்பி, நான் வேணும்னு..." என்று தொடங்கினார் பாடியவர். "குடிங்க அண்ணே" என்றேன்.

"போங்க, போங்க, மழை வந்துரும்" என்று அம்மா அவர்களை அனுப்பிவைத்தார். கூட்டம் பக்கத்து வீட்டுக்கு நகர்ந்தது. அங்கே புது நாலு வரி, உடனே சிரிப்பு.

குவளைகளைப் பொறுக்கிக்கொண்டு கதவருகில் போனேன். உள்ளேயிருந்து அத்தா மெதுவாகக் கேட்டார்.

"தண்ணி கேட்டானே... உங்கம்மா குடுத்தாளா?"

"குடுத்தோம் அத்தா."

அதன் பிறகுதான் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.