நானூறு பிக்சல் உயரம்

அகலம் ஆயிரத்து இருநூறு பிக்சல், உயரம் நானூறு. முகப்புப் படத்தின் அளவு என்று அந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி என் கணினியின் மேல் ஒட்டிவிட்டுப் போனார் எங்கள் சேர். கீரி என்ற கடற்கரை ஊரில் நண்டுச் சதை எடுத்து விற்கும் பெண்கள் சங்கத்துக்கு இணையத்தளம் செய்யவந்த திட்டத்தின் பொறுப்பாளர் அவர். நான் அவருடைய கந்தோரில் படங்களைச் சிறிதாக்கித் தளத்தில் ஏற்றுகிறவள். அந்தத் தாளை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

படம் எடுத்த நாளில் சங்கத்துப் பெண்கள் பதினொரு பேரும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு உடுக்கும் சேலையில் வந்து நின்றார்கள். நண்டு மேசைக்கு இப்படியும் வருவார்களா என்று சேர் சிரித்தார். மற்றவர்களையும் அப்படி வரச் சொன்னவர் நடுவில் நின்ற அக்காதான். வேலை நேரத்தில் தொப்பியும் முகக்கவசமும் போட்டிருக்க வேண்டும் என்பது அங்கே ஒழுங்கு. அக்கா இரண்டையும் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, நண்டுத் தட்டை ஏந்தியபடி கமராவை நேராகப் பார்த்தார். முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“தங்கச்சி, என்ர முகம் வடிவாத் தெரியுமோ?”

“ஓம் அக்கா. ஏன் கேக்கிறியள்?”

“தம்பி இந்தியாவில எங்கயோ இருக்கிறான். பன்ரண்டு வயசில மாமா ஆக்களோட வள்ளத்தில போனவன். மாமா செத்தாப்பிறகு கடிதமும் இல்லை. என்னை இப்ப கண்டா அவனுக்குத் தெரியாது. ஆனா எனக்கு இப்ப அச்சொட்டா அம்மான்ர முகம். அம்மாவை அவன் மறக்கமாட்டான்.”

அந்தப் படத்தை நானூறு பிக்சல் உயரத்துக்குள் அடக்கினால் முகங்கள் இருக்கும், இல்லாவிட்டால் நண்டு இருக்கும். இரண்டும் சேர்ந்து இருக்காது. சேர் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

“முகத்தையோ விக்கப் போறம்? நண்டு தெரியோணும்.”

முழுப் படத்தையும் கீழே சிறிதாகப் போடலாம், பெயர்களையாவது எழுதலாம் என்றேன். “உந்தக் கதையை விடுங்கோ. பக்கம் பாரமாகும், திறக்கச் சுணங்கும்” என்றார். நானும் தலையாட்டிக்கொண்டு கட்டத்தைக் கீழே இழுத்தேன். பதினொரு தலைகளும் வெளியே போயின. தட்டுகளும் கைகளும் மிஞ்சின. ஒரே படம் இரண்டு அளவில் இருந்து இடத்தை அடைக்கக்கூடாது என்று இன்னொரு சட்டமும் வைத்திருந்தார் அந்த மகாராசா. அதனால் வெட்டியதைப் பழைய பெயரிலேயே சேமித்தேன். கமராவின் அட்டையை வெள்ளிக்கிழமைதோறும் அழிப்பதும் என் வேலைதான். என்ன செய்கிறேன் என்று தெரிந்துகொண்டேதான் இரண்டையும் செய்தேன்.

தளம் திறந்த அன்று பெண்கள் வளையலைப் பார்த்துத் தங்கள் கைகளைக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. “எங்கட தலையள் எங்க தங்கச்சி?” என்றார். பிறகு போடுவோம் என்று வாய்கூசாமல் பொய் சொன்னேன். அதன்பின் பஸ் நிலையத்தில் காணும்போதெல்லாம் “போட்டாச்சோ?” என்று கேட்பார். நான் பஸ்ஸைப் பார்ப்பேன்.

போன தவக்காலத்தில் அக்கா காய்ச்சலில் இறந்துபோனார். ஆத்திரம் தாங்காமல் சேருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் இப்போது கொழும்பில், இதைவிடப் பெரிய கதிரையில் இருக்கிறார். பெண்களின் மாண்பு பற்றி மேடை மேடையாகப் பேசுகிறார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “எந்தப் படம்?” என்றார். தொலைபேசியைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

அடக்கம் முடிந்து மூன்றாம் கிழமை, கடவுச்சீட்டு ஒருவழியாகக் கைக்கு வந்து, ஊரையாவது பார்ப்போம் என்று அக்காவின் தம்பி இந்தியாவிலிருந்து வந்து சேர்ந்தார். தலை நரைத்த மனிதர். கீரிக்குப் போய் விசயம் அறிந்து, அங்கிருந்து நேரே எங்கள் கந்தோருக்கு வந்திருந்தார். கைத்தொலைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார்.

“ஊர்ப்பேரைப் போட்டுத் தேடினா இதுதான் முதல்ல வரும். எத்தினை தரம் பாத்திருப்பன். ஒரு முகமும் இல்லை. தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் அங்க மிச்சமில்லையாக்கும் எண்டு ஒரு வரி எழுதிக் கேக்காமலே விட்டிட்டன். முழுப்படம் இருக்கோ?”

சேரின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

“இல்லை அண்ணன். நான்தான் வெட்டினனான். வெட்டி, பழசை அழிச்சுப்போட்டன்.”

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி என் பக்கம் நீட்டினார்.

“இதில அக்கான்ர கை எது?”