திரை கட்டிய வாடகைக் கார்

போன வருஷம் விடுமுறைக்குத் தஞ்சாவூரிலிருந்து இலங்கை சென்றிருந்தோம். மட்டக்களப்பில் டிரைவரோடு ஒரு காரை வாடகைக்கு எடுத்தோம். பெண்கள் உட்காரும் பின்பக்கத்தில் திரை கட்டியிருந்தது. குருக்கள்மடத்தில் வாவியைக் கடக்க, ‘பாதை’ என்று அவர்கள் சொல்லும் மிதவையில் காரை ஏற்றினார்கள். ஆண்கள் இறங்கினார்கள். வண்டியிலிருந்த ஒரே பெண்ணான நானும் இறங்கினேன்.

“அம்மா, பொம்புளையள் இறங்குறல்ல. உள்ளுக்க இரிங்க” என்றார் டிரைவர்.

“நாலு பேர் பார்க்கிறாங்க, ஏறிக்கோ” என்றார் என் கணவர்.

“எனக்கு நீந்தத் தெரியாது. ஏறமாட்டேன்” என்று வெயிலில் நின்றேன்.

நடு வாவியில் காற்றடித்து மிதவை சாய்ந்தது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டை நழுவி, கார் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் போயிற்று. திரையோடுதான் போயிற்று.

இப்போதெல்லாம் எந்தத் துறையிலும் வண்டி மிதவையில் ஏறுமுன்பே இறங்கிவிடுகிறேன். நாலு பேர் பார்க்கட்டுமே! பிணமாய்க் கிடக்கையில் பார்ப்பதற்குப் பதிலாக, நிற்கும்போதே பார்த்துக்கொள்ளட்டும்.