அப்பாவின் சோடித்த குடை

டூபா என்ற பெரிய பித்தளைக் குழலின் சத்தம் காதுக்கு வருமுன் வயிற்றுக்குள் வந்துவிடும். ஹவுகெட்டோவில் ரயிலேறி ஒஸ்லோ நடுநகரில் இறங்கி, கார்ல் யூஹான் தெருவில் கால் வைத்ததுமே, "தொடங்கீட்டாங்கள், கெதியா வா பிள்ளை" என்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். சிவப்பு மேலங்கியும் வைக்கோல் தொப்பியும் போட்ட ஏழு கிழவர்கள் பழைய ஜாஸ் பாட்டுகளை வாசித்தபடி நடப்பார்கள். அவர்களுக்குப் பின்னால், மழையில்லாத சனிக்கிழமைகளிலும் குடையை விரித்து மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஒரு பதினைந்து ரசிகர்கள் போவார்கள். முன்னுக்குப் போகிறவர் மஞ்சள் குடை பிடித்த ஒரு நொர்வேஜியப் பெண். கடைசியில் போகிறவர் என் அப்பா.

மற்றவர்களின் குடைகளில் பூவும் நாடாவும் தொங்க, அப்பா எங்கள் கறுப்புக் குடையில் நத்தார் மரத்தில் தொங்கவிடும் "மினுக்கு"ச் சரிகைகளைச் சுற்றிக் கட்டியிருந்தார். சோடிக்காத குடையோடு போனால் வாத்தியக்காரருக்கு மரியாதை இல்லை என்பது அவர் கட்சி. மன்னாரில் மாதா கோயில் திருநாளுக்கும் "செத்தவீட்டுக்கும்" பாண்ட் வாத்தியத்துக்குப் பின்னால் நடந்து பழகிய மனிதர். வேகமான பாட்டுக்கு எல்லாரோடும் ஆடுவார். மெதுவான பாட்டு வந்தால் மட்டும் குடையைத் தாழ்த்தி, சிலுவை போட்டு, பிரேதத்துக்குப் பின்னால் போகிறவர் மாதிரித் தலைகுனிந்து நடப்பார். "இது செத்தவீட்டுப் பாட்டு பிள்ளை, எனக்குத் தெரியும்" என்பார். அவர் சொன்னது சரிதான், ஜாஸ் பிறந்த ஊரில் அதைச் சவ ஊர்வலத்துக்குத்தான் வாசிப்பார்கள் என்று நான் அறிந்தது வெகுகாலத்துக்குப் பிறகு. ட்ரொம்போன்காரருக்கு அது அப்போதே தெரிந்திருந்தது போலும்; அப்பாவைப் பார்த்து, வாசிப்பை நிறுத்தாமலே தலை சாய்ப்பார்.

பத்து வயதுவரை எனக்கும் அது கொண்டாட்டந்தான். பதினொன்றில் வெட்கம் வந்தது. அந்த வயதில் ஒரு சனிக்கிழமை, மெதுவான பாட்டுக்கு அப்பா சிலுவை போட, தெருவோரம் ஐஸ்கிறீமோடு நின்ற என் வகுப்புத் தோழி இங்ரிட் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு என்னிடம் வந்து, "அது உன் அப்பாவா?" என்று நொஸ்க் மொழியில் கேட்டாள்.

"நை," இல்லை என்றேன். "தெரியாத ஆள்."

அப்பா இரண்டடி தள்ளித்தான் நின்றார். அவருடைய நொஸ்க் அப்படியொன்றும் திறமில்லை, ஆனால் அவ்வளவு விளங்கும். திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வேகப்பாட்டுக்கு ஆடவுமில்லை. குடையைச் சுருக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய், உண்மையாகவே தெரியாத ஆளாக நின்றார், என் பொய் பிடிபடாமல் இருக்க.

இங்ரிட் போனபிறகு வழமைபோல பேக்கரியில் "பணிஸ்" வாங்கித் தந்தார். நான் அதையும் தின்றேன். அடுத்த சனிக்கிழமை, "நீ வீட்டை நில் பிள்ளை, உனக்குப் படிப்புக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுத் தனியே போனார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. இன்று நினைக்க உடம்பு கூசுவது அந்த "நை"யைவிட இந்த "அப்பாடா"வுக்குத்தான். பிறகு அவர் என்னைக் கூப்பிடவேயில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும், நாளைக்குக் கேட்கலாம் என்று நான் தள்ளிப்போட்டதில் இருபது வருடங்கள் ஓடிவிட்டன.

போன மாரியில் அப்பா போய்ச் சேர்ந்தார். அடக்கப் பூசை முடிந்து வெளியே வர, கோயில் வாசலில் வயதான நொர்வேஜியர்கள் நான்கைந்து பேர் சுருக்கிய குடைகளோடு நின்றார்கள். "ஆர் பிள்ளை இவை?" என்று அம்மா கேட்டார். மஞ்சள் குடைக்காரர், இப்போது கிழவி, என் கையைப் பிடித்துக்கொண்டார். வாத்தியக்காரர் ஏழு பேரில் வாசிக்க ஒருவரும் மிச்சமில்லை, இருந்திருந்தால் கூட்டி வந்திருப்போம் என்றார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்து, "நீதானே மகள்? வர உனக்குச் சரியான ஆசை, ஆனால் பெரிய சத்தம் கேட்டால் காது நோகும் என்று உன் அப்பா எப்போதும் சொல்லுவார். இப்போது காது எப்படி?" என்று கேட்டார்.

என் காதுக்கு ஒருநாளும் ஒரு குறையும் இருந்ததில்லை.

"இப்போது சுகம்," என்றேன்.

சனிக்கிழமைகளில் இப்போதும் அந்தத் தெருவால் போகிறேன். ஐஸ்கிறீம் வரிசை அப்படியே இருக்கிறது. டூபா இல்லை, குடைகள் இல்லை. அது உன் அப்பாவா என்று கேட்கவும் ஒருவரும் இல்லை.