மேஜைக்கு நாலு கால்

பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுத்தே டோக்கன் அக்கா என்று பேர் வாங்கியவள் அவள். சாயங்காலமானால் வீட்டில் கார் நிறுத்தும் கொட்டகையில் லேத் ஓடும். சுழலும் மரத்தில் உளியை வைத்து விதவிதமாகக் கிண்ணம் கடைவாள். அவள் கிண்ணம் இல்லாத சொந்தக்காரர் வீடு கிடையாது. யாராவது புகழ்ந்தால், "என் கையில ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வராது" என்பாள், பெருமையாகத்தான்.

அந்தத் தைரியத்தில் வேலையை விட்டாள். முதல் ஆர்டர் மரச்சாமான் கடையிலிருந்து வந்தது. சாப்பாட்டு மேஜைக்கு நாலு கால்.

கடைந்த கால்களைக் கணவன் சுமந்து வர, கடைக்காரர் தரையில் வரிசையாக நிறுத்தினார். அப்போதுதான் அவளும் பார்த்தாள். ஒன்றுக்கு வயிறு மேலே ஏறியிருந்தது. இன்னொன்றுக்குக் கழுத்து ஒட்டிப்போயிருந்தது. தனித்தனியாகக் கடைந்தபோது எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

கடைக்காரர் சுற்றி வந்தார். "நல்லாருக்கும்மா. இந்த ஓரத்து சாம்பிள் எனக்குப் பிடிச்சிருக்கு. இதே மாதிரி நாலு பண்ணிருங்க."

கணவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "நாலு விதமாக் காட்டலாம்னுதாங்க கொண்டுவந்தேன்." காது மடல் சுட்டது.

காரில் ஏறியதும் அவன் ஆரம்பித்தான். "சாம்பிளா?"

"பேசாம வண்டிய ஓட்டுங்க."

"இல்ல, எனக்கே சொல்லாம நாலு விதம் பண்ணியிருக்கியேன்னு கேட்டேன்."

வீட்டில் மூன்று வருஷமாக உறை பிரிக்காமல் கிடந்த, கனம் அளக்கும் காலிப்பரை எடுத்தாள். ஒரு பட்டைச் சட்டத்தைக் கடைக்காரருக்குப் பிடித்த காலோடு ஒட்டிப் பிடித்து, மேடு பள்ளத்துக்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டாள். கைக்கு வராததை வரமாகச் சொல்லித் திரிந்திருக்கிறாள். அதைக் கேட்டுத் தலையாட்டியவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின.

புதுக் கால்களைப் பார்த்ததும் கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். அங்கே மேஜைப் பலகையை இழைத்துக்கொண்டிருந்த தச்சரிடம் திரும்பினார்.

"பாத்தீங்களாண்ணே? ஒரு மேஜைக்கு நாலு சாம்பிள் காட்டுனாங்க. அலமாரிக் கதவுக்கு ஒண்ணு கேட்டதுக்கு நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டீங்க."

சோபா பார்க்க வந்த தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார். தலை நிமிரவில்லை. அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

"அது சாம்பிள் இல்லைங்க" என்றாள். "நாலும் ஒண்ணா வரணும்னுதான் செஞ்சேன். வரல. உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். அவர ஒண்ணும் சொல்லாதீங்க."

கடைக்காரர் பக்கத்து நாற்காலியில் தொங்கிய விலைச்சீட்டை நேராக்கினார்.

தச்சர் எழுந்து வந்தார். "அப்ப இது?"

"இது அளந்து செஞ்சது."

"நீங்க சொல்றீங்க. அளந்து பாத்துருவோம்."

தன் காலிப்பரை எடுத்து முதல் காலின் மேட்டிலிருந்து அளக்கத் தொடங்கினார். அவசரமே படவில்லை. தம்பதி சோபாவை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் அவள் நின்றாள்.

"கடைசிக் கால்ல கழுத்து அரை நூல் பெருசு" என்றார். "தேய்ச்சா சரியாயிடும். நான் பாத்துக்கறேன், விடுங்க."

"இல்லண்ணே, நானே தேய்க்கறேன்" என்று உப்புத்தாளுக்குக் கை நீட்டினாள்.