ரெஜினா சேர்த்த பதினோரு நிமிடம்

செவ்வாய்க்கிழமை காலை, ஸ்டூடியோவில் ஒரு கல்யாண வீடியோ காப்பி ஆகிக்கொண்டிருந்தபோது ரெஜினாவின் தங்கை போன் செய்தாள். "அண்ணா, அக்கா போயிட்டாண்ணா." எட்டு மாதமாக டயாலிசிஸுக்கு அலைந்த குடும்பம். அழக்கூட அவளிடம் தெம்பு இல்லை. என்னிடமும் இல்லை.

மேற்குத் தாம்பரத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் எடிட்டிங் செய்தோம். அவளுடைய கறார் அவளோடு பழகிய உங்களுக்கும் தெரியும். வீடியோக்களைச் சேமித்து வைக்க, உள்ளங்கையில் அடங்கும் எஸ்எஸ்டி டிரைவ்கள் வந்த புதிதில், கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று நான் பெருமையடித்தேன். "விழுந்தா ஆவாதுண்ணா, தொலைஞ்சா? ரெண்டு காப்பி போடுங்க" என்றாள். நான் போடவில்லை.

கோவளத்தில் எடுத்த ஒரு கல்யாணம். காப்பி முடிந்துவிட்டது என்று நினைத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரைவின் ஒயரைப் பிடுங்கினேன். கேமரா கார்டுகளையும் அழித்து அடுத்த வேலைக்கு அனுப்பிவிட்டேன். பிறகு பார்த்தால் டிரைவில் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. அதே வாரம் மணப்பெண்ணின் அப்பா மாரடைப்பில் இறந்துபோனார்.

"டிரைவ் சர்வீஸ்ல கீதுன்னு சொல்லு. போகப்போக மறந்துடுவாங்க" என்றார் முதலாளி. ரெஜினா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்கண்ணா, போய் சொல்லிட்டு வந்துடலாம்." கீழ்க்கட்டளையில் மணப்பெண்ணின் அம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் போனோம். வாசலில் நான் அவள் பின்னால் போய் நின்றுகொண்டேன். "வீடியோ போயிடுச்சும்மா. எங்க தப்புதான்" என்று அவளே சொன்னாள். தப்பு முழுக்க என்னுடையது. அந்தப் பெண் திட்டவில்லை. "அப்பா பேசுனது கொஞ்சம்கூட இல்லையாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

கல்யாணத்துக்கு வந்தவர்களின் நம்பர்களை வாங்கி வந்து ரெஜினா ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். அவர்கள் மொபைலில் எடுத்த துண்டுகளை மூன்று வாரம் சேர்த்தாள். தேறியது பதினோரு நிமிடம். அதில் ஓரிடத்தில் அந்த மனிதர் பந்தியில் குனிந்து, "இவருக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்துப்பா" என்கிறார். அந்தப் பெண் அதை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். ரெஜினா இரண்டு எஸ்எஸ்டிகளைக் கொடுத்தாள். "ஒண்ணு இங்க அம்மாகிட்ட இருக்கட்டும். இன்னொண்ண நீ உன் வூட்டுக்கு எடுத்துனு போம்மா."

இரண்டு காப்பி போடுவது இப்போது எங்கள் ஸ்டூடியோவில் எல்லோருக்கும் பழகிவிட்டது. அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பஸ் பயணத்தைத்தான். வேலையில் ஏதாவது கெட்டுப்போனால் நேரில் போய்ச் சொல்கிறேன். முழங்கால் வலிக்கிறது. திட்டு வாங்கத் தெம்பில்லை. பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. ஆனாலும் போய்ச் சொல்லிவிடுகிறேன், ரெஜினா.