அத்தையின் பச்சோலிக் காடு

அடுகோடி என்கிற பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பச்சோலி வாசனை வந்தது அத்தையின் புடவையோடுதான். அவள் அப்பாவின் தங்கை. ஊதுபத்திக் கம்பெனிகளுக்கு வாசனைச் சரக்கு அனுப்பும் ஒரு கிடங்கில் வேலை பார்த்தாள். எங்கோ வடகிழக்கு மழைக்காடுகளிலிருந்து காய்ந்த பச்சோலி இலை மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். நல்ல இலை எது, ஈரம் கோத்துப் புழுங்கிப்போனது எது என்று மோந்து பார்த்துப் பிரிப்பது அத்தையின் பொறுப்பு. அவள் சரி என்றால்தான் மூட்டை எண்ணெய் வடிக்கப் போகும். எங்கள் வீட்டு அடுப்பும் பாதி அந்த மூக்கின் தயவில்தான் எரிந்தது.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, மழைக்காலத்தில் அத்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தது. எழுந்து நடமாடத் தொடங்கியபின் ஆள் கொஞ்சம் மாறியிருந்தாள். ஊசிப்போன சாம்பாரை ஊற்றிக்கொண்டு பேசாமல் சாப்பிட்டாள். பால் தீய்ந்து வீடெல்லாம் நாறியபோது, பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளை உற்றுப் பார்த்தாள். அத்தைக்கு ஏதோ யோசனை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தசரா விடுமுறை வந்ததும் என்னையும் கிடங்குக்குக் கூட்டிப்போனாள். பெண்பிள்ளை வீட்டில் தனியாக இருக்கப் பயப்படுகிறாள் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தாள். எனக்குப் பயமே கிடையாது. அதனால் கொஞ்சம் அவமானமாக இருந்தது.

ஆனால் கிடங்கைப் பார்த்ததும் அது மறந்துபோனது. கூரை ஓட்டைகள் வழியே வெயில் நூல் நூலாக இறங்கும். அதில் இலைத்தூசி அவசரமில்லாமல் மிதக்கும். நான் மூட்டைகளின் மேல் மல்லாந்து கிடப்பேன். அத்தை ஒரு பிடி இலையைக் கசக்கி என் மூக்கருகே நீட்டுவாள்.

"கண்ண மூடிக்கோ. இப்ப எங்க போற, சொல்லு."

நான் போவேன். மழை விட்டும் மரங்கள் விடாமல் சொட்டிக்கொண்டிருக்கும் காடு அது. கால் வைத்தால் மண் உள்ளே வாங்கும். வெளிச்சம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் அசையும். ஏதோ ஒரு வேர்ப்பொந்தில் யாரோ சாக்லேட்டை ஒளித்து வைத்திருப்பார்கள். நான் சொல்லச் சொல்ல, அத்தை என் பின்னாலேயே நடந்து வருகிறவள்போலக் கேட்டுக்கொண்டிருப்பாள். சில மூட்டைகளில் காடே வராது. குளியலறைக் கால்மிதிதான் வரும். அவற்றின்மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுவிட்டு நகர்வாள்.

ஒருநாள் முதலாளி இரண்டு கைகளிலும் இலையோடு வந்தார். கன்னடக்காரர், அத்தையிடம் தமிழ் கலந்து பேசுவார். புது வியாபாரிகள் இருவர் கொடுத்த சரக்கு, யாரிடம் வாங்குவது என்று சாயங்காலத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்றார்.

"எரடும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. நீ சொல்லும்மா. தப்பாச்சுன்னா நம்ம ரெண்டு பேருக்குமே கஷ்டம்."

அத்தை முதலில் ஒன்றை மோந்தாள், பிறகு இன்னொன்றை, பிறகு மறுபடி முதலாவதை. அவள் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. சட்டென்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"முதல்ல இவ சொல்லட்டும் சார். எங்களுக்குள்ள இது ஒரு விளையாட்டு."

நான் கண்ணை மூடினேன். இரண்டு கைகளிலுமே காடு இருந்தது. ஆனால் இரண்டாவது காட்டில் யாரோ ஈர சாக்ஸைக் காயப்போட்டிருந்தார்கள். அதைச் சொன்னதும் முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

"முதல் சரக்க எடுங்க சார். ரெண்டாவதுல பூஞ்சை இருக்கு" என்றாள்.

அவர் வாசலுக்குப் போய் வெயிலில் இலையைப் பிரித்துப் பார்த்தார். காம்போரம் வெள்ளை படர்ந்திருந்தது. அத்தையின் மூக்குக்குக் கோயில் கட்டலாம் என்று புகழ்ந்துவிட்டுப் போனார். கண்டுபிடித்தவள் நான், கோயில் அவளுக்கா என்று எனக்கு ஒரே மனக்குறை.

அந்தக் காய்ச்சலோடு அத்தைக்கு வாசனையே அற்றுப்போனதை அம்மா என்னிடம் சொன்னபோது நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அத்தை அதற்கு வெகுநாள் முன்பே வேறிடத்தில் பாக்கிங் வேலைக்கு மாறியிருந்தாள்.

ஈர சாக்ஸைக் கண்டுபிடித்த அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவள் மடியில் உட்கார்ந்து வந்தேன். ஜன்னலில் தூறல் அடித்தது. அத்தை என் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்து நீளமாக மூச்சை இழுத்தாள்.

"உன் தல என்ன வாசனடி?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீதான மோந்து பாக்குற."

அவள் மறுபடியும் மூச்சை இழுத்தாள். காலையில் தலைக்குக் குளிக்காமல் ஏமாற்றியதைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று பயந்து, நான் தலையை மெல்ல ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.