புறங்கையால் தொட்டவர்

கிட்டார் கலைஞர் தாமு போய்விட்டார் என்று எங்கள் டிரம்மர் ரவி போனில் சொன்னபோது, நான் கேட்ட முதல் கேள்வி "கரண்டா?" என்பதுதான். "இல்ல, தூக்கத்துலயே. காலைல டீ குடுக்கப் போனப்பதான் அண்ணி பார்த்தாங்களாம்" என்றான். அழுகைக்குப் பதிலாக எனக்கு நிம்மதி வந்தது. அவரோடு மேடையேறியவர்களுக்கு இது புரியும். கீழே உட்கார்ந்து கேட்டவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

தாமு அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியில் வளர்ந்தவர். அவருடைய அண்ணன் மைக் செட் போடுகிறவர். ஓர் ஆடி மாதம், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாளில், ஈரக் கையோடு ஒயரைப் பிடித்த அண்ணன் உயிர் போகும்வரை அதை விடவே இல்லை. அதைப் பக்கத்தில் நின்று பார்த்த மனிதர் எலெக்ட்ரிக் கிட்டாரை ஏன் எடுத்தார் என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. ஒரு நாள் கேட்டே விட்டேன். "பயமாத்தான் கீது. ஆனா கரண்ட் இல்லாம அந்த அழுவாச்சி வராதே" என்றார். நாங்கள் வாசிக்கும் ப்ளூஸ் என்கிற சோக இசைக்கு அவர் வைத்திருந்த பெயர் அழுவாச்சி.

நிகழ்ச்சி தொடங்கும் முன் அவர் ஒரு கையால் கிட்டார் தந்திகளை அழுத்திக்கொண்டு, மறு கையின் புறத்தால் மைக்கை லேசாகத் தொட்டுப் பார்ப்பார். ரசிகர்கள் அதைச் சாமி கும்பிடுவதாக நினைத்தார்கள். இளம் கிட்டார்காரர்கள் சிலர் ஸ்டைல் என்று எண்ணி அப்படியே செய்யவும் ஆரம்பித்தார்கள். எனக்கு மட்டும் அவர் காரணம் சொல்லியிருந்தார்: "உள்ளங்கையால தொட்டா அது உன்னப் புடிச்சிக்கும். புறங்கையால தொட்டா தள்ளி வுட்டுடும்."

அடையாறில் ஒரு கல்லூரி மைதானத்தில் பாடப் போயிருந்தோம். அப்போதுதான் தூறல் விட்டிருந்தது. மேடைப் பலகை நனைந்திருந்தது, நான் வெறுங்காலோடு நின்றேன். நேரமாகிவிட்டது என்று நடத்துகிறவர்கள் அவசரப்படுத்த, நான் மைக்கைப் பிடிக்கக் கை நீட்டினேன். தாமு தோளால் என்னை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போய்த் தொட்டார். அவர் கை தூக்கி எறியப்பட்டது. முகம் வெளுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒயரைச் சரிசெய்யும்வரை கூட்டம் ஊளையிட்டது, அவர் அசையவில்லை. அதன்பின் எழுந்து ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்தார் பாருங்கள், ஊளையிட்டவர்கள் கப்சிப். நான்தான் முதல் பாட்டு முழுக்க மைக்கைத் தொடாமலே பாடினேன். விஷயம் தெரிந்ததும் மயிலாப்பூரில் என் அம்மா, "ஆத்துல, பூஜை ரூம்ல பாடிண்டு இருந்தா போறாதாடி?" என்று கேட்டாள்.

தி. நகர் கல்யாண வரவேற்புகளில் சினிமாப் பாட்டு வாசித்துத்தான் அவர் வீட்டை நடத்தினார். ஒலிப்பதிவுகளிலும் வாசித்திருக்கிறார், பெயர் வந்ததில்லை. அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டதும் இல்லை. அவருடைய சொந்தப் பாட்டுகளை நாங்கள் சின்னச் சின்ன அரங்குகளில், வந்தவர்களுக்கு வாசித்தோம். நீங்கள் அங்கேதான் அவரைக் கேட்டிருப்பீர்கள்.

போன வருடம் அவர் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். ஆம்ப்ளிஃபயரை விட்டுத் தள்ளி உட்கார்ந்து வாசிக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் அவர் பயம் போகவில்லை. "இப்ப உள்ளயே கரண்ட் ஓடுது. இதுக்கு எர்த் எங்க கீது, சொல்லு" என்று என்னைக் கேட்டார்.

அப்புறம் ஒரே ஒரு முறைதான் மேடையேறினார். பிளாஸ்டிக் நாற்காலி, காலடியில் ரப்பர் பாய். கண்ணை மூடி அவர் தந்தியை வளைக்கும்போதெல்லாம் நான் அவர் சட்டைப் பித்தானையே பார்த்துக்கொண்டு பாடினேன். மூச்சில் அது ஏறி இறங்குகிறதா என்று தெரிய வேண்டும் எனக்கு. நடுப்பாட்டில் மின்சாரம் போனது. இருட்டு. கிட்டார் நின்றுவிட்டது. "தாமு" என்று கூப்பிட்டேன், பதில் இல்லை. அப்போது என் மணிக்கட்டில் ஒரு புறங்கை பட்டது. "இங்கதான் கீறேன், பயப்படாத" என்றார். அந்தக் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

திருவான்மியூரில் அவர் வீட்டுக் கூடத்தில் அவரைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார்கள். மாலைகளிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையெல்லாம் இருந்தது. பெட்டியின் ஒயர் அந்த ஈரத்தின் மேலேயே ஓடிச் சுவரில் சொருகியிருந்தது. வந்தவர்கள் கண்ணாடி மேல் கையை வைத்து அழுதார்கள். என்னால் ஒயரை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. கடைசியில் குனிந்து, புறங்கையால் பெட்டி விளிம்பைத் தொட்டேன். தலைமாட்டில் இருந்த அவர் மனைவி, எங்கள் அண்ணி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணி."

"அப்ப கைய வெச்சிக்கோம்மா."

வைத்தேன். அதன் பிறகுதான் அழ முடிந்தது.

வரும் ஞாயிறு மாலை ராஜா அண்ணாமலைபுரத்தில் அவருடைய பாட்டுகளைப் பாடப்போகிறோம். அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் வாருங்கள். எனக்கு முன்னால் போய் மைக்கைத் தொட்டுப் பார்க்க இனி அவர் இல்லை, நான்தான் தொட வேண்டும். என் கை நடுங்குவதை முன்வரிசையில் இருப்பவர்கள் பார்ப்பீர்கள். அவரிடமிருந்து எனக்கு வந்தது அந்த நடுக்கம்தான், அதை நான் வைத்துக்கொள்கிறேன்.